கீறல் படாத மரம்

வெளிநாட்டுப் பணம் எங்கள் தோட்டத்தைத் தேடி இரண்டாம் முறை வந்தபோது அதன் வரைபடத்தில் நாங்கள் இல்லை. "சீரழிந்த நிலம், குடியிருப்பு எதுவும் கிடையாது" என்று ஒரு மூலையில் சிறிய எழுத்தில் போட்டிருந்தது. அந்தச் சீரழிந்த நிலத்தில்தான் நான் பிறந்தேன், நடை பழகினேன், பக்கத்து லயத்துப் பெண்ணோடு சண்டை போட்டு முன்பல்லை உடைத்துக்கொண்டேன். அலுவலகக் கணினியில் அந்த வரியைப் படித்துவிட்டு எழுந்துபோய் ஒரு தே தாரிக் குடித்துவிட்டு வந்தேன். வேறு என்ன செய்வது?

ஈப்போவில் ஒரு சின்ன அலுவலகத்தில் எனக்கு வேலை. காற்றைக் கெடுத்த பணக்கார நாடுகள் எங்களைப் போன்ற நாடுகளில் மரம் வளர்க்கவென்று நிதி தருகின்றன. அந்த நிதி பெரிய பெரிய கைகளைத் தாண்டி, கோலாலம்பூரில் கோட்டுப் போட்டவர்களிடம் கொஞ்ச காலம் தங்கி, கடைசியில் களத்தில் இறங்கும்போது எங்களிடம் வரும். அவர்கள் எழுதுவதைத் தமிழிலும் மலாயிலும் மாற்றுவது, ஊர் ஆட்களோடு பேசுவது, பேசியதை ஆங்கிலத்தில் திருப்பிச் சொல்வது, கூட்டத்துக்கு நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம் ஏற்பாடு செய்வது, எல்லாம் நான்தான்.

முதல் முறை வந்த பணம் காட்டை அழித்து ரப்பர் நட்டது. அதற்குத்தான் எங்கள் ஆட்களைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். இப்போது வந்த பணம் ரப்பரைச் சாய்த்துவிட்டு மறுபடியும் காட்டை நடச் சொன்னது. நல்ல காரியம்தான், நான் குறை சொல்லவில்லை. அந்தப் பணத்தில்தான் குனோங் ராபாட்டில் எங்கள் வீட்டு வாடகையும் அம்மாவின் மருந்தும் ஓடுகின்றன. ஆனால் திட்ட அறிக்கையைத் தமிழாக்கும்போது ரப்பரை, "இந்த மண்ணுக்கு உரியதல்லாத இனம், அகற்றப்பட வேண்டும்" என்று எழுத வேண்டி வந்தது. எழுதி முடித்ததும் என் நாற்காலிக்குப் பின்னால் யாரோ நின்று படிப்பதுபோல் இருந்தது. திரும்பிப் பார்த்தேன். பின்னால் சுவரும் குளிர்சாதனப் பெட்டியும் மட்டும்தான் இருந்தன.

தோட்டம் சிலிம் ரிவருக்கு உள்ளே இருக்கிறது. மூடி வெகுகாலமாகிவிட்டது. பெரும்பகுதி கைமாறிச் செம்பனைத் தோட்டமாகிப் போனது. ஆற்றோரச் சரிவில் ஒரு துண்டு மட்டும் ஏதோ வழக்கில் மாட்டி அப்படியே கிடந்தது. அந்தத் துண்டுதான் திட்டத்துக்கு வந்தது. சாய்ப்பதற்கு முன்னால் நிற்கிற மரங்களையெல்லாம் அளந்து பதிவு செய்ய வேண்டும் என்பது நிதி கொடுப்பவர்களின் விதி. அதற்காக நாங்கள் ஐந்தாறு பேர் உள்ளே போனோம்.

எங்கள் லயத்து வரிசை வீடுகள் இருந்த இடத்தில் சிமெண்டுத் தரை மட்டும் மிச்சம். அதைப் பிளந்துகொண்டு மரம் முளைத்திருந்தது. ஆளில்லாத இடம் அமைதியாக இருக்கும் என்று சொல்கிறவர்கள் பழைய ரப்பர் காட்டுக்குள் போனதில்லை. வெயில் ஏற ஏறக் காய்கள் படீரென்று வெடிக்கும், கொட்டைகள் சருகில் விழும். யாரோ ஒளிந்து நடப்பதுபோலவே கேட்கும். சின்ன வயதில் அந்தச் சத்தம் எனக்குப் பழக்கம். அன்று ஒவ்வொரு தடவையும் தூக்கிவாரிப் போட்டது.

களப்பணிக்குத் தலைவர் கோலா கங்சார் பக்கத்து மலாய்க்காரர், என் வயதுக்காரர். என்னை "காக்", அக்கா, என்று கூப்பிடுவார். சரிவின் நடுவில் நின்று என்னைக் கைகாட்டி அழைத்தார். "காக், இதை வந்து பாருங்கள். இந்த மரத்தை யாரும் தொட்டதே இல்லை," என்றார் மலாயில்.

ரப்பர் மரம் என்றால் உடம்பெல்லாம் தழும்புதான். பால் வெட்டுகிற கத்தி ஒவ்வொரு நாளும் பட்டையைச் சீவிச் சீவி, கீழே முடிந்தால் மேலே ஏறி, ஒரு மரத்தையும் சும்மா விடாது. இந்த மரம் வரிசைக்கு நடுவில் மற்ற மரங்களைப் போலவே நின்றது. ஆனால் வழவழவென்று இருந்தது. ஒரு கீறல் இல்லை. சுற்றிலும் உடம்பு முழுக்கக் காயத்தோடு நிற்கிற கிழ மரங்களுக்கு மத்தியில் அது பச்சைப் பிள்ளை மாதிரி நின்றது. எனக்கு ஏனோ அதன் பக்கத்தில் நிற்கப் பிடிக்கவில்லை. அளந்தோம், எண் போட்டோம், நகர்ந்தோம்.

சாயங்காலம் வீட்டில் அம்மா காங்கோங் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். பேச்சுக்குப் பேச்சாக இதைச் சொன்னேன். அம்மா கையை நிறுத்தினாள்.

"எந்தப் பக்கம்?"

"ஆத்தோரச் சரிவு. காண் ஓடுமே, அந்த வாய்க்காலுக்கு மேல."

"அது உங்கப்பா வெட்டுலா," என்றாள் அம்மா. தோட்டத்தில் ஒவ்வொருவருக்கும் பிரித்துக்கொடுத்த மரவரிசைக்கு வெட்டு என்று பெயர். "ஒரு கீறல்கூட இல்லையா? நல்லாப் பாத்தியா?"

"இல்லம்மா."

"மேல? தலைக்கு மேல?"

"அங்கயும் இல்ல."

அம்மா கீரையைத் தள்ளி வைத்தாள். "அது பட்டை செத்த மரம், பால் வராதுன்னு சொன்னாரு. வேலைய மேப்பாக்குற மண்டோர்கூட ஏசுனாரு. அதுக்கும் அதையேதான் சொன்னாரு." கொஞ்ச நேரம் ஜன்னலுக்கு வெளியே சுண்ணாம்பு மலையைப் பார்த்தாள். "பட்டை செத்துருச்சுன்னு எப்படித் தெரியும்? மொத ஒரு தடவையாவது வெட்டிப் பாத்தாதான தெரியும்."

அதற்குப் பிறகு சொன்னதுதான் நான் அதுவரை கேட்டிராதது. எனக்கு முன்னால் அம்மாவுக்கு ஓர் ஆண் குழந்தை பிறந்தது. ஒரு பகல் இருந்தது, அவ்வளவுதான். அப்பா துணியில் சுற்றி மண்வெட்டியோடு எடுத்துக்கொண்டு போனார். இடுகாடு ஆற்றுக்கு அந்தப் பக்கம், ஆற்றில் வெள்ளம். அதனால் இந்தப் பக்கமே எங்கோ புதைத்துவிட்டுத் திரும்பினார். எங்கே என்று அம்மாவிடம் சொல்லவில்லை. தோட்டத்து வழக்கம் அது. தாய்க்கு இடம் தெரியக்கூடாது. தெரிந்தால் போய்ப் போய் உட்காருவாள், போன பிள்ளை போகாது, அடுத்த பிள்ளை தங்காது என்பார்கள். அம்மாவும் கேட்கவில்லை. ரப்பர் அப்போது கன்றாக நின்ற காலம். சில வருஷம் கழித்து அந்தக் காட்டை வெட்டுக்குத் திறந்தபோது அப்பா அந்த வரிசையைக் கேட்டு வாங்கினாராம். அதையும் இப்போதுதான் அம்மா யோசித்துப் பார்த்தாள்.

அப்பா செத்தும் பல வருஷமாகிறது. அவர் வாயைத் திறந்து அதிகம் பேசி நான் கேட்டதில்லை. எனக்கு அவர்மேல் அப்படியொரு கோபமும் அப்படியொரு பாசமும் ஒரே நேரத்தில் வந்தன.

"அத சாச்சுருவாங்களா?" என்று அம்மா கேட்டாள்.

சாய்ப்பார்கள் என்று சொன்னேன். பொய் சொல்ல அவகாசம் இல்லை.

மறுநாள் மேலாளரிடம் போனேன். செட்டியார் வீட்டுப் பிள்ளை, நாலு நாடு பார்த்தவர், நல்ல மனிதர். நான் பேசி முடிக்கும்வரை கைப்பேசியைத் தொடாமல் கேட்டார்.

"அக்கா, நீங்க ஆபீஸ் ஆளு. நீங்களே சொன்னா செல்லாதுலா. ஊர் ஆளுங்க வர்ற மீட்டிங்ல வாயத் தொறந்து சொல்லணும். இங்க ஒரு இடம் இருக்கு, எங்களுக்கு முக்கியம்னு ஒருத்தர் சொன்னாப் போதும். பணம் தர்றவங்க அனுப்புற வெள்ளைக்கார அம்மா அத எழுதிக்கிட்டா மரத்தத் தொட மாட்டாங்க. சொல்லலன்னா அடுத்த வாரம் மரம் அறுக்குற செயின்சா உள்ள எறங்கிரும்."

அதாவது என் அண்ணன் அந்த இடத்தில் கிடப்பதற்கு, கூட்டத்தில் என் அம்மா நாலு பேர் முன்னால் வாய் திறக்க வேண்டும்.

கூட்டம் சிலிம் ரிவர் கோயில் மண்டபத்தில் நடந்தது. பழைய தோட்டத்து ஆட்களை அங்கிருந்தும் இங்கிருந்தும் வேனில் கூட்டி வந்திருந்தோம். நிதி அமைப்பின் அதிகாரி நெடுநெடுவென்று வளர்ந்த பெண்மணி. செருப்பை வாசலில் ஒழுங்காகக் கழற்றிவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். கெட்டவர் என்று சொல்ல ஒரு காரணமும் கிடைக்கவில்லை, அதுவும் எனக்கு எரிச்சலாக இருந்தது. அம்மாவுக்குப் பக்கத்தில் எங்கள் பழைய பக்கத்து வீட்டுக்காரி உட்கார்ந்திருந்தாள். நான் பெரியம்மா என்று கூப்பிடுவேன், அம்மா அவளை அக்கா என்பாள். தோட்டத்தில் அவளுக்குப் பால் வெட்டுகிற வேலை இல்லை. ஆயாக்கொட்டகையில் வெட்டுக்குப் போகிறவர்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டவள். அம்மா காலையில் விட்டுவிட்டுப் போனால் என்னைக் குளிப்பாட்டிச் சோறு ஊட்டியது அவள்தான். அவளுக்கென்று பிறந்தது ஒரே ஒரு பெண் குழந்தை, அதுவும் தங்கவில்லை. மிஞ்சியது சம்சு சாராயத்தைக் குடித்துவிட்டு வந்து அடிக்கிற புருஷன் மட்டும்.

அதிகாரி ஆங்கிலத்தில் கேட்டார், நான் தமிழில் சொன்னேன்: அந்த நிலத்தில் உங்களுக்கு முக்கியமான இடம் ஏதாவது இருக்கிறதா, இந்த வேலையால் உங்களுக்கு ஏதாவது குறை உண்டா?

எங்கள் ஆட்களிடம் ஒரு வியாதி உண்டு. மேசைக்கு அந்தப் பக்கத்தில் இருக்கிறவர் குறை உண்டா என்று கேட்டால் வாய் தானாகவே "ஒன்னும் இல்லைங்க தொரை" என்று சொல்லிவிடும். துரைமார்கள் போய் ஒரு தலைமுறை முடிந்தும் அது போகவில்லை. ஒருவர் எழுந்து எல்லாம் நல்லா இருக்கு என்றார். இன்னொருவர் சாப்பாடு நல்லா இருக்கு என்றார். ஒலிவாங்கியை அம்மாவிடம் நீட்டினேன். காலையில் காரில் வரும்போது சொல்லியே தீருவேன் என்றவள் எழுந்து நின்று கையைக் கூப்பினாள்.

"ஒரு குறையும் இல்லைங்க தொரம்மா. நல்லபடியா செய்யுங்க."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சொன்னதைச் சொன்னபடி ஆங்கிலத்தில் சொன்னேன். அதிகாரி சிரித்துத் தலையாட்டிக் குறித்துக்கொண்டார். அடுத்த ஆளிடம் நகரக் காலெடுத்து வைத்தபோது அம்மா உட்காராமல் நிற்பதைப் பார்த்தேன். ஒலிவாங்கி இல்லாமலே பேசினாள். 

"ஒரு மரம் இருக்குங்க. ஆத்தோரம். வெட்டாத மரம். அதுக்கு அடியில ஒரு புள்ளையப் பொதச்சிருக்கு. அத மட்டும் விட்டுருங்க."

மண்டபத்தில் பொட்டலம் பிரிக்கிற சத்தம்கூட நின்றுவிட்டது. நான் ஆங்கிலத்தில் சொல்லி முடித்ததும் அதிகாரி யாருடைய பிள்ளை என்று கேட்டார். அதை நான் தமிழில் சொல்வதற்குள் பெரியம்மா அம்மாவின் முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

"எந்தப் பக்கம்டி? எங்க வீட்டுக்காரரு வெட்டும் அங்கதான இருந்துச்சு? அவரும் எம்புள்ளய எங்க வச்சாருன்னு சாவுற வரைக்கும் சொல்லலயே. அங்கயும் அப்படி ஒரு மரம் இருக்கா? நீ பாத்தியாம்மா?"

கடைசிக் கேள்வி என்னிடம். தெரியாது என்றேன். நாங்கள் பருமனைத்தான் அளந்தோம், தழும்பைப் பதிவு செய்யவில்லை. அதிகாரி என்னிடம் தாழ்ந்த குரலில் அவர்கள் என்ன கேட்கிறார்கள் என்றார். சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். சாப்பிட்டுவிட்டு எல்லோரும் போய்ப் பார்க்கலாம், எந்தக் குடும்பத்தின் மரம் என்று பதிவு செய்துகொண்டால் அது நிற்கும் என்றார்.

மதியத்துக்கு மேல் போனோம். அதிகாரி, மேலாளர், மலாய்க்காரர், அம்மா, பெரியம்மா, நான். அப்பாவின் வெட்டுக்கும் பெரியம்மா புருஷனின் வெட்டுக்கும் நடுவில் ஒரு காண் ஓடியது. இப்போது மண் மூடிச் செடி மண்டி, காண் இருந்த சுவடே இல்லை. முதலில் பெரியம்மா பக்கத்து மரங்களைப் பார்க்கலாம் என்று அம்மா சொன்னாள்.

பெரியம்மா ஒவ்வொரு மரமாகக் கையால் தடவிக்கொண்டு நடந்தாள். எல்லாவற்றிலும் தழும்பு. முரட்டுத்தனமாக, எலும்பு தெரிய வெட்டின தழும்பு. குடிகாரன் கை. ஒரு வரிசை முடிந்து அடுத்த வரிசை, அதுவும் முடிந்தது.  காய்கள் மட்டும் வெடித்துக்கொண்டிருந்தன. கடைசி மரத்தில் கையை வைத்தபடி அவள் நின்றாள்.

"அப்ப எல்லாத்தையும் வெட்டிட்டான்," என்றாள். "எம்புள்ள தலைமாட்டுல நின்னும் வெட்டிப் பாலெடுத்துருக்கான்."

அப்போது நான் அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். பார்க்காமல் இருந்திருக்கலாம்.

"ஏன்க்கா, இன்னும் முடியல. இப்படி வா," என்று அம்மா அவள் கையைப் பிடித்தாள். மண் மூடிய காணைத் தாண்டி இந்தப் பக்கம் கூட்டி வந்தாள். அந்த வழவழப்பான மரத்தின் முன்னால் கொண்டுவந்து நிறுத்தினாள். "இதுதான். நான் மண்டபத்துல சொன்ன மரம். இது உன் வீட்டுக்காரரு வெட்டு. எனக்கு எல்லை தெரியும்லா."

"இதுவா? அவரா?" பெரியம்மா மரத்தையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தாள். "அந்தக் குடிகாரனா? பொய் சொல்றடி."

"நான் ஏன் பொய் சொல்றேன்? மண்டோர்கிட்ட அதுக்காக ஏச்சு வாங்குனாரு. என் காதால கேட்டேன்."

பெரியம்மா சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். "பாவி, ஒரு வார்த்த சொல்லலயே" என்று மரத்தைக் கட்டிப் பிடித்துக் கன்னத்தை வைத்தாள். புருஷனை அவள் பாசத்தோடு வைது அன்றுதான் கேட்டேன். அம்மா நாலடி தள்ளி நின்று, அவள் கழற்றிப்போட்ட செருப்பைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டாள். யாருக்காக வந்தாளோ அந்தப் பிள்ளையின் மரத்தை அவள் தொடவே இல்லை.

அதிகாரி என்னிடம் திரும்பினார். யாருடைய பிள்ளை, ஆணா பெண்ணா?

அம்மா என்னைப் பார்த்தாள். அந்த மரம் காணுக்கு எந்தப் பக்கம் என்று அங்கே இருந்தவர்களில் எங்கள் இரண்டு பேருக்குத்தான் தெரியும். விஷயம் தெரிந்த மேலாளர் குனிந்து தரையைப் பார்த்தார். வரைபடம் என் கையில் இருந்தது. ஒரு வார்த்தை போதும். ஆனால் பெரியம்மாவின் கன்னம் அந்தப் பட்டைமேல் இருந்தது. என்னைக் குளிப்பாட்டிய கை அந்த மரத்தைத் தடவிக்கொண்டிருந்தது.

"இந்த அம்மாவுடைய குழந்தை," என்றேன் ஆங்கிலத்தில். "பெண் குழந்தை."

அப்படித்தான் பதிவானது. இப்போது அங்கே சுற்றிலும் காட்டு மரக் கன்றுகள் என் இடுப்பு உயரத்துக்கு நிற்கின்றன. நடுவில் அது ஒன்றுதான் ரப்பர். பெரியம்மா வெள்ளிக்கிழமை யாரையாவது மோட்டாரில் ஏற்றிக்கொண்டு போகச் சொல்லிப் பால் ஊற்றிவிட்டு வருகிறாள். நான் வேலைக்காகப் போகிறேன். அம்மா அதற்குப் பிறகு போகவே இல்லை.

அன்று திரும்பும்போது தாப்பாவைத் தாண்டியாயிற்று. எனக்குக் கோபம் ஆறவில்லை. அப்பா செய்ததையும் சேர்த்தல்லவா தூக்கி இன்னொருவனுக்குக் கொடுத்துவிட்டாள்!

"ஏம்மா?" என்றேன்.

"அவளுக்கு ஒன்னுமே இல்லலா," என்றாள். பிறகு கோப்பெங் வருகிறபோது, கேட்காமலே சொன்னாள். "நான் பேரு வச்சிருந்தேன். வயித்துல இருக்கயிலேயே. உங்கப்பாவுக்குக்கூடத் தெரியாது."

என்ன பெயர் என்று கேட்டேன். சொன்னாள். அதை இங்கே எழுத மாட்டேன்.

எழுதாமல் விட்டாலும் அது வீட்டுக்குள் வந்துவிட்டது. ஒருநாள் விளக்கு வைக்கிற நேரம் நான் வாசலில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். சமையலறையிலிருந்து அம்மா அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். சாதாரணமாக, தினமும் கூப்பிடுகிற மாதிரி. "சோறு ஆறுது, வா" என்றாள்.  துணியைப் போட்டுவிட்டு உள்ளே போனேன். கையைக் கழுவிக்கொண்டு உட்கார்ந்தேன். அம்மா என் முகத்தைப் பார்க்காமல் பரிமாறினாள். நான் சாப்பிட்டேன்.